மலையேறிய ஊஞ்சல் மீன்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

தாங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆயினும், எதிரே அமர்ந்து என்னோடு தேநீர் அருந்திக்கொண்டிருக்கும் நண்பராகவே தங்களை எண்ணி இதனை எழுதத் துணிகிறேன். எழுதுகோல் எனக்குப் பழக்கமான கருவியன்று; மின்கம்பத்தில் ஏறும் கயிறும் இடுக்கியுமே பழக்கம். பள்ளி எட்டாம் வகுப்போடு என்னைக் கைவிட்டது. மற்றவற்றை நூலகத்திலும், மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களிலும் படித்துக்கொண்டேன். ஆகவே சொற்கள் சில இடங்களில் சற்று விறைப்பாக நின்றால் பொறுத்தருள வேண்டும்.

சென்ற வாரம் மூக்குக் கண்ணாடி மாற்றுவதற்காகப் போளூர் சென்றிருந்தேன். கண்ணாடிக் கடையை ஒட்டி ஒரு வண்ணமீன் கடை புதிதாக முளைத்திருந்தது. வாசலில் இளைஞர் ஒருவர் கண்ணாடித் துண்டுகளைப் பசையிட்டு ஒட்டித் தொட்டி செய்துகொண்டிருந்தார். அந்தப் பசையின் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன. உள்ளே, கறுப்புப் பட்டை போட்ட வெள்ளி முக்கோணங்கள் போன்ற மீன்கள், நீண்ட துடுப்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, கலியாண வீட்டில் யாரும் கவனிக்காத சம்பந்திகளைப் போல் மிடுக்காக உலவிக்கொண்டிருந்தன.

"ஏஞ்சல்ங்கய்யா. வூட்டுக்கு வேணுமா? எந்த ஊரு நீங்க?"

"மேலே, ஜவ்வாது மலை" என்றேன்.

"அய்ய, மலையா? வாணாங்க. அந்தக் குளிரு இதுக்குத் தாங்காது. ரெண்டே நாள்ல போய்டும்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் தம் தொழிலைக் கேலி செய்ததாக எண்ணி முகம் சுருங்கினார். வருத்தம் தெரிவித்துவிட்டுப் பேருந்து ஏறினேன். மலை வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. அந்தப் புளிப்பு வாசனை மட்டும் இறங்காமல் என்னுடனேயே வந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே வாசனை என் நற்பெயருக்குப் பெரும் களங்கம் விளைவித்தது. அப்போது நான் மலைமேல் மின்கம்பிகளைப் பராமரிக்கும் தற்காலிக ஊழியன். ஊரார் 'லைன்மேன் சார்' என்பார்கள். அந்தச் 'சார்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வது என் வழக்கமாயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடித் தொட்டி ஒட்டினேன். மாலைக்குள் தெருவெங்கும் புளித்த நெடி. பக்கத்து வீட்டு வெள்ளையன், சாமைக் கதிர் அடித்த தூசி தலையில் இருக்க, சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"இன்னா லைன்மேன் சார், ஊறல் போட்டிருக்கீங்களா? பக்கத்து வூட்டுக்காரன், எனக்கு ஒரு டம்ளர் ஒதுக்கி வைங்க!"

சாராயமன்று, மீன்தொட்டி என்று நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை. மறுநாள் வேறு இருவர், டம்ளரோடு அல்ல, சொம்போடு வந்தார்கள்.

தொட்டி எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். அதற்கு என் மனைவி கஸ்தூரியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் போளூரில், ரயில் சத்தத்தில் வளர்ந்தவள். மணமாகி மலைக்கு வந்த இரண்டாம் மாதமே அவள் பேச்சு குறைந்தது. ஒருநாள் சோறு பரிமாறும்போது சொன்னாள்:

"காலையில எழுந்தா மரம். சாயங்காலம் பாத்தா அதே மரம். இங்க பாக்கறதுக்கு இன்னாங்க இருக்குது?"

நான் மலையின் இயற்கை எழிலைப் பற்றி, நூலகத்தில் படித்த சொற்களைக் கொண்டு, சிறிது நேரம் உரையாற்றினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.

பிறகு தானாகவே சொன்னாள். அவளுடைய தாய்மாமன் போளூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையில் ஒரு மீன்தொட்டி. பள்ளிவிட்டு வந்ததும் அதன்முன் குந்திக்கொள்வாளாம். "அத்தப் பாத்துகினு இருந்தா மனசுல ஒரு தொல்லையும் இருக்காதுங்க" என்றாள். அப்படியானால் இங்கேயும் ஒரு தொட்டி வைப்போம் என்றேன். அவள் ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரி, பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அந்த மீனு இந்தக் குளிர்ல பொழச்சிதுன்னா நானும் பொழச்சிக்கறேன். இல்லன்னா கீழ வூடு பாத்துடுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது விளையாட்டன்று என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கீழே இறங்கினால் என் வேலை போய்விடும். மலைக்கென்றே எடுக்கப்பட்ட ஆள் நான். அடுத்த நாளே போளூரிலுள்ள மாமனாரின் நெல் மண்டியில், மூட்டைக்கு வாய் தைக்க உட்காரவேண்டும். அந்தக் கோணி ஊசியை அவர் எனக்காகவே துருப்பிடிக்காமல் பாதுகாத்து வருவதாக எனக்கு ஓர் எண்ணம். மண்டியில் என்னைச் 'சார்' என்று அழைக்க ஒரு மூட்டையும் முன்வராது. ஆகவே, நண்பரே, நான்கு மீன்களின் முதுகில் என் எதிர்காலம் ஏறிக்கொண்டது.

மாமாவின் சைக்கிள் கடைக்குச் சென்றேன். அவர் ஒரு டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டே பாடம் நடத்தினார். பக்கத்தில் காற்று எந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்ள, மணல பன்னெண்டு வாட்டி கழுவணும். தண்ணிய ரெண்டு நாள் வுட்டு வைக்கணும். முக்கியமா, சில்லுனு ஆவக்கூடாது. மூடியில குண்டு பல்பு ஒண்ணு மாட்டி எரிய வுடுங்க, அந்தச் சூடு போதும். இது சாதா மீனு இல்ல, தெரிதா? ஏஞ்சலு!"

அந்தத் தடதடப்பில் கடைசிச் சொல் என் காதில் 'ஊஞ்சலு' என்று விழுந்தது. திருப்பிக் கேட்டிருக்கலாம். படித்தவன் என்று பெயரெடுத்தவனுக்குக் கேட்பது இழுக்கல்லவா? தெரிந்தவனைப்போல் தலையசைத்தேன்.

மாமா தம் தொட்டியிலிருந்தே நன்றாக வளர்ந்த நான்கு மீன்களைப் பிளாஸ்டிக் பையில் விட்டு, பையை எவர்சில்வர் தூக்கில் இறக்கித் தந்தார். பேருந்தில் தூக்கை மடியில் வைத்திருந்தேன். நடத்துநர் குனிந்து முகர்ந்தார்.

"இன்னா சார், கொழம்பா?"

"மீன்."

"அதான் கேக்கறேன், கொழம்பா, வறுவலா?"

"உயிரோடு இருக்கிறது."

"உயிரோடவா? அப்பொ டிக்கெட்டு போட்டாவணுமே! நாலு அரை டிக்கெட்டா?"

பேருந்தே சிரித்தது. ஆயினும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும், "டிரைவரண்ணே, மெதுவா! மீனு கீது" என்று முன்னிருக்கையிலிருந்த யாரோ ஓர் அம்மையார் எனக்காகக் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மணலைப் பன்னிரண்டு முறை கழுவச் சொன்னாரே, நான் மூன்று முறை கழுவினேன். ஓடைமணல்தானே, ஓடையே கழுவியிருக்கும் என்பது என் வாதம். தொட்டியில் நீர் ஊற்றியதும் உள்ளே வெண்புகை எழுந்தது. கஸ்தூரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"மோர்லயா மீன வுடப் போறீங்க?"

மீன்களை இரண்டு நாள் பித்தளை அண்டாவில் குடிவைத்துவிட்டு மிச்சமிருந்த ஒன்பது முறையையும் கழுவி முடித்தேன். பிறகு ஊற்றுநீரை நிரப்பினோம். போளூரின் கிணற்றுநீர் உப்பேறியது. எங்கள் மலை ஊற்றுநீரோ மென்மையானது. அதில் விட்ட மறுவாரமே மீன்களின் வெள்ளியில் ஒரு புதுப்பளபளப்பு தோன்றியதை நான் கண்ணால் கண்டேன். மழைநீர் தேங்கிய தொட்டியிலிருந்து கொசுப்புழுக்களைத் துணியில் வடிகட்டிப் போட்டோம். அவை விருந்துண்டன.

இனி என் கைவேலைக்கு வருகிறேன். 'ஊஞ்சல் மீன்' என்றால் ஊஞ்சல் இல்லாமல் எப்படி? அவ்வளவு நீளமான துடுப்புகளை வைத்துக்கொண்டு எந்நேரமும் நீந்த இயலுமா? இளைப்பாற ஏதேனும் வேண்டுமல்லவா? இவ்வாறெல்லாம் ஆராய்ந்து, உடைந்த சிலேட்டு ஒன்றின் சட்டத்தைக் கழற்றி, கல்லில் நான்கு மூலைகளிலும் துளையிட்டு, நைலான் நூல் கோத்து, தொட்டியின் நடுவே கட்டித் தொங்கவிட்டேன். விரலால் தள்ளினால் நீருக்குள் மெல்ல ஆடிற்று. கஸ்தூரியை அழைத்துப் பெருமையோடு காட்டினேன்.

"இன்னாங்க இது?"

"ஊஞ்சல். ஊஞ்சல் மீனுக்கு."

அவள் முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு தரையில் அமர்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். மலைக்கு வந்தபின் அவள் அப்படிச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். ஆகையால் என்ன தவறு செய்தேன் என்று கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. அவளும் திருத்தவில்லை. மாறாக, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, "இது ஊஞ்சல் மீனுக்கா. ஊஞ்சல் இல்லன்னா சாப்பிடாது" என்று சொல்லத் தொடங்கினாள். வெள்ளையனின் மனைவி குப்பம்மாள் கன்னத்தில் கைவைத்து, "நம்ம புள்ளைங்களுக்கே தூளிதான் கட்றோம், இதுக்கு ஊஞ்சலாமே!" என்று வியந்தார். மீன்களோ ஊஞ்சலை ஏறிட்டும் பார்க்கவில்லை. உண்மைச் சொல்லை நான் அறிந்தது ஓராண்டுக்குப் பின்னர், ஒரு பழைய வார இதழின் மூலம்.

கார்த்திகைக் கடைசியில் புயல் மழை வந்தது. மலைப்பாதையில் இரண்டு மரங்கள் கம்பிமேல் சாய்ந்தன. மலை முழுதும் மின்சாரம் போயிற்று. நான் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பும்போது கஸ்தூரி தொட்டியருகே நின்றிருந்தாள். குண்டு பல்பு அணைந்துவிட்டிருந்தது. காற்றுக் குமிழி விடும் சிறு பம்பும் நின்றுபோயிருந்தது. கரண்டு கொடுக்கவேண்டியவனே நான்தான் என்பதால் யாரைக் குறைகூறுவது என்று தெரியவில்லை.

அன்றும் மறுநாளும் மரம் அறுத்து, கம்பி இழுத்து, வழியிலிருந்த ஒரு பள்ளியிலேயே தங்கினோம். கம்பி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தபோது, ஒரு பக்கம் எங்கள் தெரு, மறுபக்கம் ஆரம்ப சுகாதார நிலையம். என் கூட்டாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் மீனுக்கு மொதல்ல குடுத்துடலாமா?" என்றார். ஒரு கணம் சபலம் தட்டியது உண்மை, மறைக்கமாட்டேன். சுகாதார நிலையத்துக்கே முதலில் கொடுத்தோம். எங்கள் பக்கத்துக் கம்பம் ஒன்று சாய்ந்திருந்ததால் மேலும் அரைநாள் ஆகும் என்று தெரிந்தது. கம்பம் நிமிர்த்தக் கீழிருந்து ஆட்கள் வரும் இடைவேளையில், மாமனாரின் கோணி ஊசியை மனக்கண்ணால் பார்த்துக்கொண்டே நண்பகலில் வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுவாசலில் பத்துப் பதினைந்து செருப்புகள் கிடந்தன. மலையில் செருப்புகள் அவ்வாறு குவிவது நல்லதற்கோ கெட்டதற்கோ என்று சொல்லமுடியாது. உள்ளே நுழைந்தால் தொட்டியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு வைக்கோல் போர் நின்றது! தொட்டியைச் சுற்றிச் சாமைத்தாளை முழம் கனத்துக்கு அடைத்து, அதன்மேல் இரண்டு கம்பளிகளைச் சுற்றியிருந்தார்கள். குளிர்காலத்தில் ஈன்ற கன்றுக்குட்டிக்குச் செய்வது அதுதானாம், குப்பம்மாளின் யோசனை. தேன் பிடித்து வைக்கும் காலிப் புட்டிகளில் வெந்நீர் அடைத்து, வாயை இறுக மூடித் தொட்டிக்குள் இறக்கியிருந்தார்கள். ஆறியதை எடுப்பதும் சூடானதை இறக்குவதுமாகத் தெருவே முறைவைத்து நடந்துகொண்டிருந்தது. எங்கள் விறகு நனைந்துவிட்டதால் ஆறு வீட்டு அடுப்புகளில் மீனுக்கு வெந்நீர் காய்ந்தது.

புட்டிகள் எல்லாம் ஒருகாலத்தில் பிராந்திப் புட்டிகள், மேலே ஒட்டிய சீட்டுகள்கூடக் கிழியவில்லை. வெள்ளையன் ஒரு முக்காலியில் நின்றுகொண்டு, ஒரு சொம்பில் தொட்டி நீரை மொண்டு, கையை உயரே தூக்கி, அந்நீரைத் தொட்டிக்குள்ளேயே நுரை பொங்க ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வெள்ளையா, என்ன செய்கிறாய்?"

"டீ ஆத்தறேன். பம்பு நின்னுப்போச்சி, காத்து வாணாமா அதுக்கு? ஒங்க வூட்டம்மாதான் சொல்லிச்சி. நேத்தி புடிச்சி ஆத்தறேன், ஒரு டீ குடுக்கல!"

"அவன நம்பாதீங்க சார்" என்றார் குப்பம்மாள். "நாலு டீ குடிச்சான்."

"மீனு?" என்றேன்.

கஸ்தூரி கம்பளியின் ஒரு மூலையை விலக்கினாள். மூன்று மீன்கள் புட்டிகளின் அருகே நெருங்கி, மெல்ல வாயசைத்தபடி நின்றன. நான்காவது முதல் நாள் மாலையே போய்விட்டதாம். அவள் கண்ணோரம் சிவந்திருந்தது. தூக்கமில்லாததாலா, அழுததாலா என்று நான் கேட்கவில்லை.

"பாருங்க, பிராந்தி பாட்டில கட்டிப்புடிச்சிகினு நிக்குது" என்றார் வெள்ளையன். "எங்க அண்ணங்காரன் மாரியே."

மாலையில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது. பல்பு எரிந்ததும் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவரவர் வீட்டிலும் விளக்கு எரிந்ததை அவர்கள் பிறகுதான் கவனித்தார்கள்.

புட்டிகளை இறக்கி ஏற்றியதில் ஊஞ்சலின் ஒருபக்கத்து நூல்கள் இரண்டும் அறுந்து, சிலேட்டு செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பக் கட்டப்போனேன். "வுடுங்க, அதுங்களே களச்சிப் போயிருக்குது. கைய வுட்டுக் கலக்காதீங்க" என்று கஸ்தூரி தடுத்துவிட்டாள்.

பொங்கல் நெருங்கிற்று. மீன்கள் மூன்றும் உயிரோடு இருந்தன. ஆனாலும் ஒப்பந்தத்தைப் பற்றி வாய் திறந்தால் அது கலைந்துவிடுமோ என்று அஞ்சினேன். போகிக்கு முந்தைய நாள் மாமனார் பொங்கல் சீரோடு ஒரு வேனில் வந்து இறங்கினார். கரும்பு, மஞ்சள்கொத்து, வெண்கலப் பானை எல்லாம் இறக்கியபின் வேன் காலியாக நின்றது. அந்தக் காலியிடத்தில் எத்தனை பெட்டி அடங்கும் என்று என் கண் அளந்தது.

"மாப்ள, மண்டியில ஆளு பத்தல. இந்தக் குளிர்ல ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க?" என்று, மண்டியில் பேசும் அதே குரலில் தொடங்கினார். "கஸ்தூரி, பொட்டிய எடுத்து வண்டியில வைம்மா. பண்டிக முடிச்சிட்டு அங்கயே தங்கிக்கலாம்."

நான் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். 'சார்' பட்டம் அன்றோடு கழலப் போகிறது என்று எண்ணினேன். கஸ்தூரி தொட்டியை நோக்கி நடந்தாள். குனிந்து பார்த்தவள், அப்படியே நின்றாள். பிறகு கையை ஆட்டி எங்களை அழைத்தாள். பேசவேண்டாம் என்று உதட்டில் விரல் வைத்தாள்.

செங்குத்தாகத் தொங்கிய சிலேட்டில், கடுகினும் சிறிய மணிகள், வரிசை வரிசையாக, கறுப்புப் பலகையில் யாரோ புள்ளிக்கோலத்துக்குப் புள்ளி வைத்ததைப்போல் ஒட்டியிருந்தன. இரண்டு மீன்கள் அதன்முன் நின்று, முறைவைத்துத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன. மூன்றாவது, மூலையில், அண்டை வீட்டாரைப்போல் அடக்கமாக ஒதுங்கி நின்றது.

"இன்னாம்மா அது?" என்றார் மாமனார். தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தணிந்த குரலில் கேட்டார்.

"முட்ட வெச்சிருக்குதுப்பா" என்றாள் கஸ்தூரி. "நான் எப்பிடிப்பா வர்றது?"

மாமனார் வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிலேட்டைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அதன்முன் போட்டு அமர்ந்தார். காப்பி கொடுத்ததும் குடித்தார். வேன் ஓட்டுநர் இரண்டு முறை வந்து நின்றும் எழவில்லை. கடைசியில் வேன் காலியாகவே இறங்கிச் சென்றது. மாமனார் பொங்கல் முடியும்வரை எங்களுடனேயே தங்கிவிட்டார்.

அந்த முட்டைகளை மூன்றாம் நாள் பெற்றோரே தின்றுவிட்டன என்பதை நேர்மையின் பொருட்டுச் சொல்லிவிடுகிறேன். குப்பம்மாள் அவற்றை வைத வசவுகளை எழுத இயலாது. ஆனால் மாசியில் மறுபடி இட்டன. கஸ்தூரி சிலேட்டோடு முட்டைகளைத் தனி அண்டாவுக்கு மாற்றி, வேகவைத்த கோழிமுட்டையின் மஞ்சளைத் துணியில் கரைத்துக் குஞ்சுகளுக்கு ஊட்டி, ஐம்பதுக்கு மேல் பிழைக்க வைத்தாள். மலையில் பல வீடுகளுக்கு அவை சென்றன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிலேட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பள்ளியில் சிலேட்டுப் பஞ்சம் வந்ததாகத் தலைமையாசிரியர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். எங்கள் மகன் வேலூரில் வீடு கட்டிக்கொண்டு, அங்கே வந்துவிடும்படி அழைக்கிறான். கஸ்தூரி, "அங்க இன்னா இருக்குது பாக்க?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிடுகிறாள்.

அந்த மீன்களின் வம்சம் இப்போது இல்லை. கடைசி ஒன்று வெள்ளையன் வீட்டில் பல ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அவரும் இப்போது இல்லை. குண்டு பல்பும் போய்விட்டது. இன்றைய விளக்கு வெளிச்சம் தருகிறது, சூடு தருவதில்லை. ஒரு வீட்டில் கரண்டு போனால் ஆறு வீட்டில் வெந்நீர் காயும் தெருவும் போய்விட்டது. இன்று வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருக்கிறது, யாரும் யாருக்காகவும் முக்காலியில் ஏற வேண்டியதில்லை. அது நல்லதுதான், கம்பத்தில் ஏறியவன் அதைக் குறை சொல்லலாகாது. ஆயினும் கார்த்திகை மழையில் எங்கள் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்த அந்த நண்பகலைச் சொன்னால், என் பேரப்பிள்ளைகள் நான் இட்டுக்கட்டுவதாக எண்ணிச் சிரிக்கிறார்கள்.

ஆகவே, ஐயா, அம்மையீர், எந்தக் கணக்கிலும் சேராத இந்தக் குறிப்பைத் தாங்கள் தூக்கி எறியாமல், தங்கள் புத்தகங்களுக்கிடையே எங்கேனும் ஓரிடத்தில் வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.